மீராசா வீட்டுக் கோப்பி

ஆசியா உம்மா கல்முனை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, அவள் கையிலிருந்த பையைக் கண்டதுமே றாஹிலாவுக்கு விசயம் விளங்கிவிட்டது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தோடம்பழம் கொண்டு வருவார்கள், பிஸ்கட் கொண்டு வருவார்கள். மதினி, அவளுடைய புருசன் மீராசாவின் ராத்தா, கொண்டு வந்தது கோப்பிக் கொட்டை. அதுவும் வழியில் அக்கரைப்பற்றில் இறங்கி, மலைப்பக்கத்துச் சரக்கு வருகிற கடையைத் தேடிப் பிடித்து, அள்ளி மணந்து பார்த்து வாங்கிய முதல்தரக் கொட்டை.

மீராசாவின் குடும்பத்தில் அப்படியொரு வழமை இருந்தது. மவுத்து விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. சோறும் கறியும் அயலார் கொண்டு வருவார்கள். ஆனால் வந்து குந்துகிறவர்களுக்கு ஊற்றுகிற கோப்பிக்குத் தூள் மட்டும் வீட்டாருடையதாக இருக்க வேண்டும். கடைத்தூளை ஊற்றிவிட்டால் மையித்தை அடக்கினாலும் அந்தக் கதையை அடக்க முடியாது. ஆகவே இனி ஆள் தேறாது என்று தெரிந்ததும் பெண்கள் முன்கூட்டியே வறுத்து இடித்து வைத்துவிடுவார்கள். எதற்கென்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

"என்ன மதினி இது?"

"சும்மா, கொஞ்சம் கோப்பி."

"வீட்டுல கடைத்தூள் இரிக்கி."

"இரிக்கட்டும் புள்ள. ஆக்கள் வந்து போற நேரம்." ஆசியா உம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே வறையோட்டைத் தேடிக் குசினிக்குள் போனாள்.

ஆசியா உம்மா கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தம்பியை நினைத்து அழுதழுது பஸ்ஸிலேயே கண் வீங்கி வந்தவள். அழுகிறது ஒரு வேலை, ஆயத்தம் செய்கிறது இன்னொரு வேலை, இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்பது அவளுடைய எண்ணம். றாஹிலாவுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர், "வீட்ட கொண்டு போய் விருப்பமானதக் குடுங்க" என்று சொன்னதை நல்ல சேதி என்று நம்பி, வருகிற வழியெல்லாம் அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு வந்த பெண் அவள். நம்பிக்கை அவளுக்கு இன்னும் இருந்தது. அது மீராசாவுக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய பாடு. மனுசன் மனசு விட்டுவிட்டால் பிறகு மருந்து என்ன செய்யும்?

குசினிக்கும் மீராசா படுத்திருந்த அறைக்கும் இடையில் ஒரு தென்னோலைக் கிடுகு மறைப்புத்தான். கொட்டை சூடேறியதும் வாசம் கிளம்பிவிட்டது. நல்ல கோப்பியின் வாசத்துக்கு வெட்கம் கிடையாது, அழைக்காமலே வீடு முழுவதும் போய் உட்காரும். றாஹிலா பதறிப்போய்ச் சட்டியில் தணல் அள்ளி, சாம்பிராணியைப் போட்டு, புகையை மறைப்புப் பக்கம் விசிறினாள். விசிறிக்கொண்டிருக்கும்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கோப்பியும் சாம்பிராணியும் சேர்ந்து மணந்தால் அது எந்த வீடு என்று குருடனுக்கும் தெரியும். தணலைக் கொண்டுபோய் வெளியே மண்ணில் கொட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாதிக் கொட்டையை வறுத்து, வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து, ஆசியா உம்மா இடித்து அரித்து முடித்த நேரத்தில் வாசலில் ஜெமீலின் குரல் கேட்டது. ஜெமீல் அறுகம்பேயில் கடலோரமாக நாலு ஓலைக் கொட்டில் போட்டு வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறவன். அவனுக்குப் பின்னால் கடலில் அலைப்பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று, வெயிலில் சிவந்துபோய், பல்லெல்லாம் தெரிய நின்றது. போன வருசம், மீராசா நடமாடித் திரிந்த காலத்தில், தன்னுடைய தோணியில் களப்புக்குள் கொண்டுபோய் யானை காட்டியது இவர்களுக்குத்தான். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் இந்த வீட்டில்தான் கோப்பியும் குடித்தார்கள்.

"ராத்தா, நாளைக்கு இவங்க ஊருக்குப் போறாங்க. அந்தப் புள்ளைட உம்மாக்குக் கொண்டு போக நல்ல கோப்பித்தூள் வேணுமாம். கொழும்பில போத்தல் தூளத்தான் குடிச்சாங்களாம். ரோட்டுல போகக்குள்ள வாசம் வந்திச்சி, இதுதான் இதுதான் எண்டு என்ன இழுத்துக்கிட்டு வாறாங்க."

ஆசியா உம்மா உலக்கையைச் சாத்திவிட்டு வந்தாள். "தம்பி, இது விக்கிறதுக்கு வறுத்ததில்ல. போய் வேற எங்கயும் பாக்கச் சொல்லுங்க."

ஜெமீல் ஊர்க்காரன். அவளுடைய முகத்தையும் உரலையும் பார்த்தான், விளங்கிக்கொண்டான், நாக்கைக் கடித்தான். ஆனால் அதை இங்கிலீசில் எப்படிச் சொல்வதென்று அந்த அப்பாவிக்குத் தெரியவில்லை. ஏதோ இரண்டு சொல்லை மென்று முழுங்கினான். வெள்ளைக்காரி அதற்கும் சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று றாஹிலா கேட்டாள்.

ஜெமீல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வாற வருசமும் வருவாங்களாம். மீராசா காக்காட தோணியிலதான் போவாங்களாம். அவரச் சுகமா இரிக்கச் சொல்லட்டாம்."

வாற வருசம். அந்த வீட்டில் யாரும் சொல்லத் துணியாத சொல்லை, எங்கிருந்தோ வந்த ஒருத்தி எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! றாஹிலாவுக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. குசினிக்குள் ஓடினாள். பால்மா டின்னைத் துடைத்து, அரித்து வைத்த தூள் முழுவதையும் அதற்குள் அமத்தி அமத்தி அடைத்தாள். தூள் இல்லாத வீட்டுக்கு மவுத்து எப்படி வரும்? அந்த நேரத்தில் அவளுக்கு அது வெகு நியாயமாகத்தான் பட்டது.

"அடியே, உனக்கென்ன பைத்தியமா?" ஆசியா உம்மா கையைப் பிடித்தாள். றாஹிலா உதறிக்கொண்டு போய் டின்னை வெள்ளைக்காரியின் கையில் வைத்தாள். காசை நீட்டினார்கள், தொடமாட்டேன் என்றுவிட்டாள். அவர்கள் மாறி மாறிக் கும்பிட்டு, டின்னைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு போனார்கள்.

"ஆரு வந்த?" என்று உள்ளேயிருந்து மீராசா கேட்டான்.

றாஹிலா ஓடிப்போய்க் காலடியில் உட்கார்ந்தாள். "அந்த வெள்ளக்காரச் சோடி. அவங்க ஊருக்குக் கொண்டு போகக் கோப்பி கேட்டிருந்தாங்க. அதுக்குத்தான் மதினி காலையிலயிருந்து வறுத்த. வேற ஒண்டுமில்ல."

"அவங்களுக்கா?"

"ஓம். அவங்களுக்குத்தான். வாற வருசம் உங்கட தோணியிலதான் போவாங்களாம்."

மீராசா சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு காண்கிற சிரிப்பு. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொன்ன பாவத்தை அல்லாஹ் பொறுத்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டு அவனுடைய வீங்கிய காலை மெல்லத் தடவினாள்.

"வேர்க்கொம்பு போட்டதா?"

"போட்ட."

"எல்லாத்தையும் குடுத்திட்டியா?"

"ஓம், முழுக்கக் குடுத்திட்டன். ஒரு கரண்டியும் வைக்கல்ல." பெருமையாகவே சொன்னாள்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரன் விருந்துக்குக் கணக்குப் பார்க்கிற குரலில் கேட்டான்:

"அப்ப, வாற ஆக்களுக்கு?"

றாஹிலாவின் கை அவனுடைய காலிலேயே நின்றுவிட்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள் என்று தெரிந்திருக்கும்.

"வாப்பா கடைசியாக் கிடக்கக்குள்ள நான்தான் வறுத்த. கருகிப் போச்சு. மனிசர் இன்னும் கதைக்காங்க. ராத்தாவும் அடுப்ப ஓவரா எரிய விடுவா. மிச்சத்த நீயே வறு புள்ள."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டேதான் எழும்பினாள். குசினிக்குள் ஆசியா உம்மா பலகையை விட்டு விலகி அகப்பையைக் கொடுத்தாள். றாஹிலா விறகை இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, மிச்சக் கொட்டையை ஓட்டில் கொட்டிக் கிளறினாள். கண்ணீர் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கிளறினாள். கொட்டை சிவந்தது, வெடித்தது, வாசம் எழும்பிக் கிடுகைத் தாண்டிப் போனது.

"றாஹிலா, இனி இறக்கு" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

இறக்கினாள். ஒரு கொட்டையும் கருகியிருக்கவில்லை.