கடென்யியின் கால்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் திருமண்டலப் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்தார். "சிஸ்டர் மினாயோ, உங்க பாஸ்டர் சபையார் காலைக் கழுவினாராமே! பணிவிடை செய்யுற தலைமையைப் பத்தி மனசைத் தொடுற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். மனசைத் தொடுற மாதிரி என்பதை இரண்டு தடவை சொன்னார். நான் அந்தச் சபையின் செயலாளர். எழுதித் தருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் கழுவப்பட வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து கடென்யியின் பெயரை அடித்தவள் நான்தான். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து, சமயம் பார்த்து எடுத்துப் போட்டு உங்களை அதிரவைக்கலாம். கதை எழுதுகிறவர்களுக்கு அது கைவந்த வித்தை. எனக்கு இப்போது அந்த வித்தை வேண்டாம்.

2

தொடக்கம் ஒன்று: எங்கள் விஹிகாவின் மலைச்சரிவில், தேயிலைச் செடிகளின் மேல் காலைப் பனி மெல்ல—

(வேண்டாம். பனியை வைத்து யாரைக் குற்றம் சொல்வது?)

தொடக்கம் இரண்டு: கடென்யி ஓர் எளிய பெண். வாய் திறந்து பேசாதவள். அவள் முகத்தில் எப்போதும்—

(சுத்தப் பொய். பாடகர் குழுவில் யாராவது சுருதி தப்பினால், துடைப்பத்தைப் பிடித்தபடியே திரும்பி முறைப்பாள். மூப்பர் லுசிகி ஜெபத்தை இழுத்துக்கொண்டே போனால், "கடவுளுக்கு வேற சோலியே இல்லைன்னு நெனச்சிட்டாரு மனுஷன்" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுப்பாள். பத்திரிகைக்காரருக்கு வாயில்லாப் பூச்சி ஒன்று வேண்டும். இவள் அதற்கு ஆகமாட்டாள்.)

தொடக்கம் மூன்று. இது இருக்கட்டும்.

பாஸ்டர் ஹெஸ்ரோன் அடகாலா கிசுமு நகரத்தில் ஏரியைப் பார்த்த ஹோட்டலொன்றில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போனார். பணிவிடையே தலைமை என்பது தலைப்பு. அவர் பெட்டியை வண்டிவரை சுமந்தவள் கடென்யி. திரும்பி வந்தபோது இறக்கியவளும் அவள்தான்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்க மேடையில் முழங்கினார். "தலைவன்னா மேல உக்கார்றவன் இல்ல, கீழ குனியிறவன்! வர்ற மாசம் முதல் ஞாயிறு, இந்தப் பீடத்துக்கு முன்னாடி, பன்னிரண்டு பேரோட காலை நான் கழுவப்போறேன். முதல் கால் யாரோடது தெரியுமா? இருபத்திரண்டு வருஷமா இந்தக் கோவிலைப் பெருக்குற நம்ம கடென்யி அம்மாவோடது!"

சபை கைதட்டியது. பெண்கள் எழுந்து குலவையிட்டார்கள். கடைசி பெஞ்சில் கடென்யி தலையைத் தூக்கவே இல்லை. வீடு திரும்பும் வழியில்தான் பேசினாள்.

"பீடத்துக்கு முன்னாடி எத்தனையோ நாள் முட்டி போட்டிருக்கேன் மினாயோ, தரையைத் துடைக்க. நாற்காலி போட்டு உக்காந்ததே இல்லடி."

"இப்ப உக்காரப்போறீங்கல்ல அக்கா."

"உக்காருவேன். லுசிகி மொகத்தைப் பாத்துக்கிட்டே உக்காருவேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

3

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. எங்கள் பக்கம் பாஸ்டரை 'ஊழியரே' என்றுதான் கூப்பிடுவோம். ஊழியருக்குத் தனி நாற்காலி, தனிக் குடை. எந்த வீட்டில் கோழி அடித்தாலும், வீட்டுத் தலைவனுக்கென்று உள்ள இரைப்பை ஊழியரின் தட்டுக்குத்தான் போகும். வீட்டுக்காரன் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்ப்பான்.)

மறுநாளே பட்டியலுக்குச் சிபாரிசுகள் வர ஆரம்பித்தன. கால் கழுவப்படுவதற்குச் சிபாரிசு! மூப்பர் லுசிகி என் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்: "மூப்பர்களுக்கெல்லாம் தலைவன் நான். என் காலை விட்டுட்டு எந்தக் காலைம்மா கழுவுவாரு?" பிறகு பள்ளித் தலைமையாசிரியர், இரண்டு கடைக்காரர்கள், ஊர்த்தலைவரின் மனைவி. ஊழியர் குனியப்போகிறார் என்றால் அவருக்கு முன்னால் உட்காருவது பெரிய மரியாதையாகிவிட்டது. அந்த மரியாதைக்கு ஆசைப்படாதவர் எங்கள் சபையில் ஒருத்தர்கூட இல்லை, என்னையும் சேர்த்து.

அப்புறம் சுற்றறிக்கை. நான்தான் தட்டச்சு செய்தேன். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துவிட்டு, நகம் வெட்டி, புதுக் காலுறை அணிந்து வரவேண்டும். சனிக்கிழமை கோவில் வராந்தாவில் கால் பார்வையிடல். பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். பாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் நின்றாள் கடென்யி.

அவள் காலைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். எங்கள் மண்ணில் ஒரு தெள்ளுப்பூச்சி உண்டு. தோலுக்குள் புகுந்து, பட்டாணி அளவுக்கு வீங்கி, உள்ளேயே முட்டையிடும். அது வந்த காலை எங்கள் ஜனங்கள் சோம்பேறியின் கால் என்பார்கள். கடென்யிக்கு அது எங்கேயிருந்து வந்தது? காணிக்கையாக வரும் ஆடுகளையும் கோழிகளையும் கோவிலின் பின்னறையில்தான் கட்டிவைப்போம். மண்தரை, புழுதி. அங்கே நாளெல்லாம் கூட்டி அள்ளுகிறவள் அவள். எங்கள் காணிக்கைதான் அவள் காலைத் தின்றுகொண்டிருந்தது.

மூன்று நாளாக ஊக்கு வைத்து ஒவ்வொன்றாக நோண்டி எடுத்திருந்தாள். குதிகால் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், சில இன்னும் ஈரமாக.

எங்கள் சபைக்கு வந்த எட்டு வருடத்தில் பாஸ்டர் அந்தக் காலை முதல்முறையாகப் பார்த்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"சிஸ்டர், நாளைக்கு பிஷப் வர்றாரு. கேமரா வருது. அந்தக் காலைக் காட்டுனா சபைக்கே அவமானம். இன்னொரு கடைக்காரரைச் சேர்த்துக்கோங்க. அந்தம்மா தண்ணி ஊத்தட்டும். அதுவும் ஊழியம்தானே?"

நான் பேனாவை எடுத்தேன்.

வெளியே வந்து, "அக்கா, தண்ணி ஊத்துற பொறுப்பு உங்களுக்குத்தான்" என்றேன்.

"என் நாற்காலி?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

4

ஞாயிறு. பன்னிரண்டு நாற்காலிகள், வெள்ளைத்துணி விரித்து. புதிதாகச் சேர்த்த கடைக்காரர் வரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் ஒரு சாவு. கடைசி நாற்காலி காலியாகக் கிடந்தது.

பாஸ்டர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முட்டி போட்டார். கேமரா அவரைச் சுற்றி வந்தது. கடென்யி ஊற்றிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து காய்ச்சிய தண்ணீரைப் பதினோரு ஜோடிக் கால்களுக்கும் ஊற்றினாள். லுசிகி கண்ணீர் விட்டார். பதினோரு பேருக்குக் கழுவி முடித்த பிறகும் பாத்திரத்துத் தண்ணீர் கலங்கவே இல்லை. அதை எடுத்துக் கஞ்சி காய்ச்சியிருக்கலாம்.

பதினோராவது கால் முடிந்ததும் கடென்யி சொம்பைக் கீழே வைத்தாள். காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். விரல் பக்கம் வெட்டிவிட்டுப் போட்டிருந்த கேன்வாஸ் செருப்பைக் கழற்றி, காலைப் பாத்திரத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க ஊழியரே" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

5

முடிவு அ, பத்திரிகைக்கு: பாஸ்டரின் கண்கள் குளமாகின. அவர் அந்தக் கால்களைத் தம் கைகளில் ஏந்தி—

(தூ.)

முடிவு ஆ. நான் பேருந்தில் கதையாகச் சொன்னபோது கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்த முடிவு. பாஸ்டர் பின்வாங்குகிறார். கடென்யி பாத்திரத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கிறாள். சபை ஆர்ப்பரிக்கிறது. எனக்கும் இது பிடிக்கும். ஆனால் கடென்யி அப்படிச் செய்யவில்லை. நான் செய்யாததை அவள் தலையில் கட்டி, என் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

நடந்தது இது. பாஸ்டர் அந்தக் காலைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"கண்களை மூடி ஜெபிப்போம்."

சபை மொத்தமும் கண்ணை மூடியது. பிஷப்பும் மூடினார். ஜெபம் நீண்டது. தாழ்மைக்காக ஸ்தோத்திரம், பணிவிடைக்காக ஸ்தோத்திரம். அந்த ஜெபத்துக்குள் வாசல் பொறுப்பாளர்கள் இரண்டு பேர் வந்து கடென்யியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார்கள். அவள் ஒருமுறை என் பக்கம் திரும்பினாள். பக்கவாட்டுக் கதவு வழியாக வெறுங்காலோடு கொண்டுபோனார்கள். ஒருவன் திரும்பி வந்து செருப்பையும் எடுத்துப் போனான். ஆமென் சொல்லிச் சபை கண்ணைத் திறந்தபோது நாற்காலி காலி.

ஜெபத்தைத் திரைச்சீலையாக இழுத்து மூடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு மனுஷியை வெளியே தள்ள முடிகிறது!

6

கடென்யி அதற்குப் பிறகு கோவிலுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் அவள் கால் புண்ணுக்கு ஊதா மருந்து வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். மருந்தை வாங்கி ஓரமாக வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, எல்லாரும் கண்ணை மூடியிருந்தாங்க. நான் மூடலை. நடந்ததையெல்லாம் பாத்தேன்" என்றேன். அதைச் சொன்னால் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன் போல.

பீன்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, கண்ணை மூடலை. வாயை ஏன்டி மூடிக்கிட்டிருந்த?"

இதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதவேண்டும்.

எனக்குப் பயமா—

அக்கா, என் வேலை போயிருந்தா—

அப்படி இல்லக்கா, அந்த நேரத்துல—

இன்னொரு பிரதியில் நான் அவள் முன்னால் மண்டியிட்டு, அந்தக் கால்களை மருந்துத் தண்ணீரில் கழுவுகிறேன். நன்றாகவே வந்திருந்தது, பத்திரிகைக்காரர் அப்படியே போட்டிருப்பார். கிழித்துவிட்டேன். தாளில் மண்டியிட்டால் முட்டி வலிக்காது.

வாசகரே, நீங்களும் ஏதோ ஒரு கோவிலில், யாரோ சொன்னார்கள் என்று சட்டெனக் கண்ணை மூடியவர்தான். கடென்யி கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் அவள் வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். உங்களிடம் பதில் இருந்தால் அவளிடமே சொல்லுங்கள்.