ஐம்பத்தெட்டு கிலோ

என் தம்பி ஃப்ரெடிக்கு மூளை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. அதைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும்போது மட்டும் வெளியே எடுப்பான். மற்ற நேரமெல்லாம் அவனுக்கும் சேர்த்து யோசிப்பது நான்தான். என் பெயர் ஜானட். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பதினேழு வருஷமாக ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமென்ட் வேலை. கன்டெய்னருக்குள் என்ன போகிறது, எத்தனை கிலோ, எந்த நாட்டுக்கு என்று பேப்பர் போட்டு அனுப்ப வேண்டும். நான் பேப்பர் போட்ட பெட்டிகள் போகாத தேசம் கிடையாது. நான் போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி.

அதனால்தான் அவனும் அவன் தோஸ்துகளும் ஜீப்பில் நேபாளம் போகப்போகிறோம் என்று வந்து நின்றபோது நான் திட்டவில்லை. தோஸ்துகள் இரண்டு பேர். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் வசீம், வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லித்தரும் வெற்றி. திட்டம் இதுதான்: வடக்கே இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி எல்லையைத் தாண்டுவது. முஸ்தாங் மலைப் பக்கம் ஏறுவது. ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் ஆற்றுப்படுகையிலேயே வண்டியை ஓட்டிப் போய், ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்துக் கூடாரம் போடுவது. மொத்தம் இருபது நாள்.

நானும் வருகிறேன் என்றேன். மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். வெற்றிதான் முதலில் வாயைத் திறந்தான். வாங்கக்கா, சோறாவது ஒழுங்காகக் கிடைக்கும் என்றான். ஃப்ரெடி சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாலு மாதம் அவர்கள் செய்தது வீடியோ பார்த்தது. மிச்சம் எல்லாம் நான். எல்லையில் வண்டிக்கு என்ன சீட்டு வாங்க வேண்டும், எந்த ஊருக்கு அப்புறம் டீசல் கிடைக்காது, எத்தனை அடி உயரத்தில் தலைவலி வரும், ஆற்றில் தண்ணீர் எந்த மாதம் குறையும், எல்லாவற்றையும் விசாரித்து ஃபைல் போட்டேன். ஆபீசில் இருபது நாள் லீவு கேட்டபோது மேனேஜர், உனக்குக் கல்யாணமா என்று கேட்டார். இல்லை சார், மலைக்குப் போகிறேன் என்றேன். மனுஷன் அதற்குக் கல்யாணத்தைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார்.

வீட்டில் அப்பா இருக்கிறார். அருள்பிரகாசம், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். போன வருஷம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து கைத்தாங்கலாகத்தான் நடக்கிறார். காசிமேட்டிலிருந்து லூர்து சித்தி வந்து இருபது நாளும் தங்குவதாக ஒப்புக்கொண்டாள். மலை ஷூ ஒன்று வாங்கினேன். புது ஷூ கடிக்கும் என்று, தினமும் காலையில் புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தேன். மீன் வாங்க வந்த பொம்பளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

எடை போடும் யோசனையும் என்னுடையதுதான். அதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றிக் கொடுத்த தண்டையார்பேட்டை மெக்கானிக் கமாலுதீன் பாய், ஆளும் சாமானும் வண்டியும் சேர்த்து இரண்டாயிரம் கிலோவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அந்தப் பாதையில் பட்டை ஒடிந்துவிடும், தூக்கிவர ஆள் கிடையாது என்று சொல்லியிருந்தார். எங்கள் தொழிலில் எடை போடாமல் ஒரு பெட்டியும் துறைமுக கேட்டுக்குள் போகாது. ஊர் சுற்றப் போகிற ஜீப்பை வே பிரிட்ஜில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று உலகத்தில் வேறு எவளுக்குத் தோன்றும்?

எல்லாச் சாமானையும் கட்டி, டீசல் கேனை ரொப்பி, நாலு பேரும் ஏறி உட்கார்ந்து எடை போட வேண்டும் என்று முடிவாகச் சொன்னேன்.

"எடை ஏறுச்சுன்னா எதுனா எறங்கணும். நான் யார் மூஞ்சியையும் பாக்க மாட்டேன்."

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்து நேராகப் போனோம். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் எடை போடும் இடம். எங்களுக்கு முன்னால் நாற்பது டன் இரும்புச் சுருள், பின்னால் கன்டெய்னர், நடுவில் எங்கள் ஜீப். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மகிமா என்ற பெண், வண்டி நம்பரைக் கேட்டுக்கொண்டு பட்டனைத் தட்டினாள். பலகையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 2,060.

அறுபது கிலோ அதிகம். முதலில் என் பையைக் கீழே வைத்தேன். மாற்றுத்துணி எனக்கு எதற்கு, போட்டிருப்பதே போதும் என்றேன். 2,050.

பிறகு லிஸ்டைப் பிரித்தேன். ஒவ்வொரு சாமானின் எடையும் அதில் இருக்கிறது. வசீமின் ஜெனரேட்டர் முப்பது. அது இல்லாவிட்டால் கேமராவுக்கு எப்படி சார்ஜ் போடுவது என்றான். ஃப்ரெடியின் ஐஸ் பெட்டி இருபத்திரண்டு. பனிமலைக்கு ஐஸ் பெட்டி எதற்கடா என்று கேட்டேன், கறி கெட்டுவிடும் என்றான். வெற்றி பிரியாணி கிண்டுகிற டேக்ஸா பன்னிரண்டு. அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. முதல் இரண்டை இறக்கினாலே கதை முடிந்திருக்கும். ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. பின்னாலிருந்த டிரெய்லர்காரன் ஹாரன் அடித்தான்.

ஃப்ரெடி என் பக்கம் திரும்பினான். குரல் ரொம்ப மிருதுவாக இருந்தது. அப்பாவிடம் காசு கேட்கும்போது வருகிற குரல்.

"அக்கா, நீ சும்மா ஒரு தபா கீழ எறங்கி நில்லேன். இன்னா வருதுன்னு பாக்கலாம்."

சும்மாதானே என்று இறங்கினேன். ஷூ போட்ட காலோடு சிமெண்ட் ஓரத்தில் போய் நின்றேன். பலகையில் எண் நடுங்கி நின்றது: 1,990. லிஸ்டில் நான் ஐம்பத்தெட்டு கிலோ, ஷூ இரண்டு.

வசீம் கை தட்டினான். ஃப்ரெடி போனை எடுத்துப் பலகையை போட்டோ பிடித்தான். கரெக்டாக வந்துவிட்டது, பத்து கிலோ மிச்சம் வேறு என்று மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள். நான் திரும்ப ஏறுவதற்காகக் கதவில் கை வைத்தேன். யாரும் நகரவில்லை. வெற்றி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெனரேட்டரை இறக்குங்கடா என்றேன். ஃப்ரெடி கீழே இறங்கி என் தோளில் கை போட்டான்.

"நைனாவ நெனச்சுப் பாருக்கா. சித்தி வரும், இல்லேங்கல. ராவுல எழுப்பி பாத்ரூமுக்கு இட்டுகினு போறது அதால முடியுமா? நான் அதையே தான் யோசிச்சிகினு கீறேன்."

யோசித்துக்கொண்டிருந்தானாம். அப்பா விழுந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட எழுந்து வராதவன். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. சித்தி முடியாது என்று சொன்னாளா? இந்தப் பயணத்தில் எந்த வேலையை நீ செய்தாய்? எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. என்னைவிட அந்த டேக்ஸா முக்கியமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் இல்லை என்று சொல்வார்கள், சொல்லிவிட்டு டேக்ஸாவோடு போவார்கள். அது தெரிந்தது. அதனால் கேட்கவில்லை.

அதோடு, எதுனா இறங்க வேண்டும் என்று சொன்னவளே நான். பலகையில் வந்த எண்ணுக்கு எதிராக நான் எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவது? அழுகை வந்தது. டிரெய்லர்காரர்கள் முன்னால் அழ முடியாது என்று முந்தானையால் வேர்வை துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

மகிமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரே வண்டிக்கு மூணு தடவை எடை ஏறியிருக்கிறது, ஸ்லிப் ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும், மற்றதை கேன்சல் பண்ணி எழுதிக் கொடுங்கள் என்றாள். ஃப்ரெடியும் வசீமும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்தப் பேப்பர் வேலைய நீயே பாத்துடேன்" என்றான் ஃப்ரெடி, கயிற்றை இழுத்துக்கொண்டே.

மூன்று ஸ்லிப்பையும் ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தேன். முதல் இரண்டின் மேலும் குறுக்கே கோடு போட்டு, கேன்சல் என்று எழுதி, தேதி போட்டு, கீழே ஜானட் என்று கையெழுத்திட்டேன். மூன்றாவதை மடித்து ஃப்ரெடியிடம் கொடுத்தேன். எல்லையில் கேட்டால் காட்டு, பத்திரம் என்றேன்.