பேச்சு முடியும்வரை நின்ற ஆஸ்பத்திரி

குயூனி ஆற்றின் வெனிசுவேலாக் கரையில் கட்டிய ஆஸ்பத்திரி, மந்திரி பேசிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே நின்றது. பேச்சு முடிந்ததும் சுவர், கட்டில், மருந்து அலமாரி எல்லாம் மறைந்து பழையபடி புல்தரையாகிவிடும். எதிரே கயானாக்காரர்கள் கட்டியதும் அப்படித்தான். கயானா கையில் இருந்த எஸெக்கீபோ மண் எங்களுடையது என்று இரண்டு நாடும் மல்லுக்கு நின்றதால், ஒருவன் ரிப்பன் வெட்டிய வாரமே மற்றவனும் வெட்டினான். டாக்டர்கள் மட்டும் நிஜம். மந்திரியோடு படகில் வந்து, அவரோடே கிளம்பிவிடுவார்கள்.

படகோட்டி எவாரிஸ்தோவும் எதிர்க்கரைக் கடைக்காரன் இக்னேஷியஸும் நடு ஆற்றில் படகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எந்த நாடு மேல் என்று வருஷக்கணக்காக வாதாடினார்கள்.

"உங்க கடல்ல எண்ணெய் கொட்டுதாமே, உன் வீட்ல ஏன்டா வெளக்கு எரியல?" என்பான் எவாரிஸ்தோ.

"உங்காளு மொத்தத்தையும் முழுங்குறான். எங்காளு எலும்பையாவது துப்புவான்டா," என்பான் இக்னேஷியஸ். பிறகு இவன் பெட்ரோல் கொடுப்பான், அவன் சோள மாவு கொடுப்பான்.

எவாரிஸ்தோவின் மனைவி நெரெய்தாவுக்கு வலி கண்ட அன்று, நல்லவேளை, திறப்புவிழா. பிள்ளை குறுக்கே கிடந்தது; அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வழக்கமாக ஊளையிடும் ஊர் அன்று மந்திரியை நிறுத்தவிடாமல் கைதட்டியது. எல்லை, ரத்தம், தியாகம் என்று அவர் பேசப் பேசச் சுவர் நின்றது. பெண் குழந்தை பிறந்தது. தையல் பாதியில் இருக்கும்போது மந்திரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"ஐயா, இன்னும் கொஞ்சம் பேசுங்கய்யா! எங்கள திட்டவாவது செய்ங்கய்யா!" என்று எவாரிஸ்தோ காலில் விழுந்தான். பக்தியென்று நினைத்த அந்தப் பாவி, அவன் தோளைத் தட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். டாக்டரும் அவரோடு படகேறிவிட, நெரெய்தா பாதித் தையலோடு புல்லில் கிடந்தாள்.

"இங்க எங்காளு இப்பத்தான் பேச ஆரம்பிக்கிறான், கொண்டு வாடா!" என்று எதிர்க்கரையிலிருந்து இக்னேஷியஸ் அலறினான். எவாரிஸ்தோ அவளைப் படகில் கொண்டுபோனான். கரையில் நின்ற சிப்பாய், இவள் எந்த நாட்டுக்காரி, காகிதம் எங்கே என்று விசாரித்தான். விசாரித்து முடிவதற்குள் பேச்சு முடிந்து தேசியகீதம் பாடிவிட்டார்கள். எண்ணெயை எப்போதோ தின்ற நாடும் இப்போது தின்கிற நாடும் ஒரு தையலுக்கு நூல் தரவில்லை. நெரெய்தா படகிலேயே செத்தாள்.

அவளைக் கொன்றது அடுத்தவன்தான் என்று இரண்டு நாடும் அறிவித்தன. இரண்டு கரையிலும் அவள் பெயரில் ஆஸ்பத்திரி வந்தது. அவள் நினைவுநாளில் பேச்சு நடக்கும் நேரத்துக்கு மட்டும் அவையும் நின்றன. ஊர்க்காரர்கள் நோயை அந்த நாள்வரை அடக்கிவைத்துக்கொள்ளப் பழகினார்கள்.

மகளுக்கு மலேரியா கண்டபோது, எந்த நாடு மேல் என்ற கேள்விக்கு எவாரிஸ்தோ ஒரு முடிவுக்கு வந்திருந்தான். எவன் அதிக நேரம் பேசுகிறானோ அவன் நாடுதான் மேல். அந்த வருஷம் இந்தக் கரைதான். மகளை நெரெய்தாவின் பெயர் போட்ட கட்டிலில் படுக்கவைத்துவிட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றான்.

"நெரெய்தாவைக் கொன்றவர்கள் அதோ, அந்தக் கரையில் நிற்கிறார்கள்!" என்று மந்திரி கைநீட்டினார். அங்கே இக்னேஷியஸ் நின்றிருந்தான்.

"ஆமாய்யா, அவனுங்கதான்! சொல்லுங்கய்யா!" என்று எவாரிஸ்தோ கத்தினான். மகள் கையில் மருந்து முழுக்க இறங்கி முடியும்வரை கத்தினான்.