சத்தம் வராத கூரை

தோட்டத்தில் ஏணியை விரித்து நாலாவது படியில் நின்றுகொண்டு, நீளக் கம்பில் கட்டிய துடைப்பானால் நெவில் கண்ணாடிக் கூரைமேல் காய்ந்து கிடந்த புறா எச்சத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். 'தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் கண்ணாடி' என்று விளம்பரப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் நெவில் படிக்காமல் விடவில்லை: வெயில் அழுக்கை இளக்கிவிடும், மழை கழுவிக்கொண்டு போகும். வெயில் தன் பங்கைச் செய்துவிட்டது. மழையைத்தான் காணோம். மழைக்குப் பேர்போன யார்க்‌ஷயரில் இருபத்திரண்டு நாளாக ஒரு சொட்டு விழவில்லை என்றால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான். கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே கட்டில். கட்டிலில் அவர் மனைவி கிளென்டா மல்லாந்து படுத்திருந்தாள். நோய் முதுகெலும்புக்குப் போனபிறகு அவளால் புரள முடியவில்லை. நாள் முழுக்க அவள் பார்ப்பதற்கு இருந்தது இந்தக் கூரை ஒன்றுதான். புறாவும் பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்கு நேராகவே போட்டிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கையில் ஒரு விரல் மட்டும் அசைந்தது. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றது.

நெவில் இடது பக்கம் தேய்த்தார்.

"அப்பா, எறங்கு முதல்ல." மகள் கெர்ரி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "எழுபத்திமூணு வயசுல ஏணியிலேர்ந்து விழுந்து வைக்காத. உள்ள ரெண்டாவது கட்டில் போட எடமில்ல."

"இன்னும் ஒரு திட்டுதான்."

"நர்ஸ் வந்திருக்காங்க. உன்னைக் கிச்சனுக்கு வரச் சொல்றாங்க."

நெவில் துடைப்பானைக் கீழே வைத்தார். இந்த ஊரில் கெட்ட செய்தி எதுவும் டீக்குக் கெட்டில் கொதிக்காமல் வெளியே வராது. அவர் சமையலறைக்குள் போனபோது கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

பெர்நாடெட் தினமும் வருகிற நர்ஸ். கோட்டைக்கூட கழற்றாமல் கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

"மூச்சு மாறியிருக்கு, நெவில். காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. இன்னிக்கு. தாண்டினா நாளைக்கு."

"எத்தனை மணிக்குன்னு ஏதாவது..."

"அதுக்கு அளவுகோல் இல்லீங்க."

அவர் தலையாட்டினார். முப்பத்தோரு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராகக் கடை கடையாக ஏறி இறங்கியவர். இறைச்சிக்கடைத் தராசு இரண்டு கிராம் சாய்ந்தாலும் பூட்டி முத்திரை வைத்துவிட்டு வருவார். அளவில்லாத விஷயம் எதிரே வந்து நின்றால் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியாது. இப்போது ஸ்பூனை எடுத்து, சர்க்கரை போடாத டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு வேற ஏதாவது செய்யணுமா?"

"நீங்க செய்யாதது என்ன இருக்கு? அவங்களையே கேளுங்களேன்."

"கேட்டா ஒண்ணும் வேண்டாம்னுதான் சொல்வா. நாப்பத்தெட்டு வருஷமா அதே பதில்தான்."

பெர்நாடெட் சிரித்தாள். "ஆனா அந்தக் கூரையைப் பத்தி வாய் ஓயாம சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் தேடித் தேடிப் போட்டதுன்னு."

நெவில் ஸ்பூனைக் கீழே வைத்தார். எதைத் தவறவிட்டிருந்தாலும் இந்தக் கூரை ஒன்றை அவளுக்குச் சரியாகச் செய்துவிட்டோம் என்பதுதான் இந்த மூன்று வாரமாக அவர் பிடித்துக்கொண்டு நின்ற கொம்பு.

தேடித் தேடிப் போட்டது என்பது குறைத்துச் சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டில் மாடிப்படியில் ஏறாது என்று தெரிந்ததும், சமையலறைக்குப் பின்னால் வெளிச்சமாக ஓர் அறை இழுத்துக் கட்டலாம் என்று முடிவானது. சுவர் எழும்ப மூன்று வாரம். கூரைக்கு எந்தக் கண்ணாடி என்று நெவில் முடிவு செய்ய ஏழு வாரம். கட்டடக்காரன் டெக்லன் மாதிரித் துண்டுகள் கொண்டுவந்தான். தெளிந்தது, நீலம் பூசியது, பால் நிறத்தது என்று ஐந்து கண்ணாடி. கூடவே கதவில் பாதி அளவுக்கு ஒரு ப்ளாஸ்டிக் தகடு. ஒவ்வொன்றையும் இரண்டு நாற்காலிமேல் வைத்து, அடியில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, வெயிலில் எவ்வளவு ஏறுகிறது, மேகம் வந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று நெவில் நோட்டில் குறித்தார். டெக்லன் மரியாதையாகப் பொறுத்துக்கொண்டான். வேலிக்கு அந்தப்பக்கம் போய்த்தான் சிரித்தான்.

கடைசியாக நடந்தது மழைப் பரிசோதனை. நெவில் பூவாளியில் தண்ணீர் நிரப்பி, ஏணியில் ஏறி, ஒரே உயரத்திலிருந்து ஒவ்வொரு துண்டின்மேலும் ஊற்றினார். கண்ணாடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முணுமுணுத்தது. ப்ளாஸ்டிக் மட்டும் தடதடவென்று ஊரைக் கூட்டியது. ஜன்னலோரம் தலையணை வைத்து உட்கார்ந்திருந்த கிளென்டா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை ஊத்து, நெவில்."

கேலி செய்கிறாள் என்று அவர் நினைத்தார். ஆனாலும் ஊற்றினார்.

"அதையே போட்டுடு. அந்த ப்ளாஸ்டிக்கே எனக்குப் போதும்" என்றாள்.

அவர் அப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'ப்ளாஸ்டிக்: மழையில் தாங்க முடியாத இரைச்சல்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பதினாலு வருஷமாக ஒரே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு திரிகிறவள், ஓட்டலில் பசிக்கவில்லை என்று சொல்லி அவர் தட்டில் பாதியைச் சாப்பிடுகிறவள், வேறென்ன சொல்வாள்? தனக்கென்று வரும்போது எது கிடைத்தாலும் போதும் அவளுக்கு. கடைசியாக ஒரு தடவையாவது நல்லதைக் கொடுக்காமல் விடக்கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெத்தென்ற படலம் வைத்து ஒட்டியது, வெளிச்சத்தை விட்டு வெக்கையைத் தடுப்பது, ஆலங்கட்டி விழுந்தாலும் உள்ளே தூங்குகிறவரை எழுப்பாதது. இருப்பதிலேயே உயர்ந்தது எதுவோ அதைச் சொல்லியனுப்பினார். மாட்டிய அன்று கட்டிலைக் கூரைக்கு அடியில் தள்ளிக்கொண்டு வந்து, அவள் முகத்தையே பார்த்து நின்றார்.

கிளென்டா வெகுநேரம் மேலே பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு, நெவில்" என்றாள்.

"சத்தமே வராது பாரு."

"அப்படியா?" என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

பெர்நாடெட் வலிக்கு மருந்து ஏற்றுகிற பம்ப்பைச் சரிபார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனாள். கெர்ரி தலைமாட்டில் உட்கார்ந்து பஞ்சுக் குச்சியை ஆறின டீயில் நனைத்து அம்மாவின் உதட்டில் தடவினாள். தண்ணீரில் தடவினால் கிளென்டா முகத்தைச் சுளித்தாள், டீ என்றால் உறிஞ்சினாள். நெவில் மறுபக்கம் உட்கார்ந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை எண்ணாமலிருக்க முயன்றார், முடியவில்லை. ஒன்பது. பன்னிரண்டு. ஒன்பது.

மூன்று மணிவாக்கில் அறை மங்கியது. மேற்கே குன்றுக்கு மேலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் கண்ணாடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு விழுந்தது. பிறகு மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. கூரை முழுக்கத் தண்ணீர் வழிந்தோட, புத்தகத்தில் போட்டிருந்தது போலவே மிச்சமிருந்த எச்சமும் தூசியும் கரைந்து போயின. உள்ளே துளிச் சத்தமில்லை. மருந்துப் பம்ப் மட்டும் எப்போதாவது ஒருமுறை முனகியது.

கிளென்டா கண்ணைத் திறந்தாள். காலையிலிருந்து பேசாதவள் பேசினாள்.

"மழையா?"

"ஆமா கிளென்டா. கொட்டுது. உன் புறா போட்டதெல்லாம் போயே போச்சு பாரு."

அவள் பார்த்தாள். ஓடுகிற தண்ணீரைக் கண்ணால் தொடர்ந்தாள்.

"கேக்கலியே."

"கேக்காது. அதுக்குத்தானே இவ்வளவும்." அவர் குரலில் பெருமை இருந்தது.

"ம்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணோடு, அவருக்குச் சொல்வது போலவும் இல்லாமல், "ஃபைலியில கேக்கும்" என்றாள்.

நெவில் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

ஃபைலியில் கடலோர மேட்டில் அவர்களுக்கு ஒரு கேரவன் இருந்தது. இருபத்தாறு வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இரண்டு வாரம் அங்கேதான். போகிற வருஷமெல்லாம் மழை. தகரப்பெட்டி போன்ற அந்த வண்டிக்குள் மூன்று பேரும் அடைந்து கிடப்பார்கள். கூரைமேல் அடிக்கிற அடியில் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். நெவில் கத்துவார். கிளென்டா அவர் வாயைப் பொத்தி, பக்கத்து கேரவனில் தூங்குகிறார்கள் என்பாள். மேல் பலகையில் படுத்திருக்கும் கெர்ரி விழுந்து விழுந்து சிரிப்பாள். கிளென்டா குழந்தை போலத் தூங்கியது அந்த இரைச்சலில்தான். வீட்டில் அவளுக்கு ஒருநாளும் அப்படித் தூக்கம் வந்ததில்லை. மழை விட்டால் உடனே விழித்துக்கொள்வாள். இத்தனையும் அவருக்குத் தெரியும். நோட்டில் எழுதுகிற அன்றைக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

"கிளென்டா. அந்த ப்ளாஸ்டிக்கு. நீ அதுக்காகவா கேட்ட?"

அவள் விரல் போர்வைமேல் ஒருமுறை அசைந்தது. அவர் விடவில்லை.

"சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை!"

"சொன்னேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "நீ எழுதிட்டிருந்த." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அவ்வளவு ஆசையா செஞ்சுட்டு நிக்கற. எப்படிச் சொல்ல? விடு, கிழவா" என்றாள்.

நெவில் எழுந்தார். செருப்பைத் தேடவில்லை, கோட்டை எடுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார்.

"அப்பா? எங்க போற?"

தோட்டத்துக் கோடியில் இலைதழை மக்க வைக்கிற தொட்டி இருந்தது. டெக்லன் திருப்பி எடுத்துப் போகாத ப்ளாஸ்டிக் தகடு அதற்குத்தான் மூடியாக இருந்தது. நெவில் அதைப் பிடுங்கினார். அடியில் ஒட்டியிருந்த நத்தைகளைக் கையால் வழித்து எறிந்தார். தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு நேரே கதவுக்கு வெளியில் நின்று, இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தார்.

தடதடவென்று பிடித்துக்கொண்டது.

"கதவை முழுசா தெற!" என்று கத்தினார். "ரெண்டு பக்கமும்!"

"உனக்கென்ன பைத்தியமா? அம்மாவுக்குக் குளிரும்!"

"தெறங்கறேன்!"

கெர்ரி திறந்தாள். சாரலும் ஈர மண் வாசனையும் அறைக்குள் போயின. கூடவே சத்தமும் போனது. நெவில் ஓர் அடி முன்னே வந்தார். சட்டைக் கைக்குள் தண்ணீர் இறங்கி அக்குள் வரை ஓடியது. தகட்டை மட்டமாகப் பிடித்தால் சத்தம் செத்துப் போகிறது, லேசாகச் சாய்த்தால்தான் எழும்புகிறது என்று கண்டுபிடித்துச் சாய்த்துக்கொண்டார்.

"கேக்குதா?" என்று அலறினார். "கிளென்டா! கேக்குதா?"

அவள் உதடு அசைந்தது. இந்த இரைச்சலில் என்ன சொன்னாளோ தெரியவில்லை. கெர்ரி குனிந்து அம்மாவின் வாயருகே காதை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். நிமிர்ந்தபோது முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"என்ன சொன்னா?"

"கத்தாதேங்கறா" என்றாள் கெர்ரி. "பக்கத்து கேரவன்ல தூங்கறாங்களாம்."

அதற்குப் பிறகு நெவில் கத்தவில்லை. தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் கைக்கடிகாரம் கண்ணுக்கு நேரேதான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிளென்டாவின் முகம் கூரையைப் பார்க்காமல் கதவுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கிற சுருக்கம் இல்லை. ஃபைலியில் தூங்குகிறபோது அப்படித்தான் இருப்பாள். கெர்ரி அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மழை ஒருமுறை குறைந்தது, திரும்பவும் வலுத்தது.

வெகுநேரம் கழித்துக் கெர்ரி அந்தக் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தாள். எழுந்து கதவருகே வந்து நின்றாள்.

"அப்பா" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அப்பா. போதும். கீழ வை."

"மழை விடலையே இன்னும்" என்றார் நெவில்.

கெர்ரி வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு காலுறையோடு புல்லில் இறங்கி வந்து, தகட்டின் அந்தப் பக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.