மஞ்சள் விமானத்தின் மூக்கு

கடைசித் துளையையும் போட்டு முடித்தபோது விதாத்தின் புருவமெல்லாம் மரத்தூள். சாப்பாட்டு மேசைமேல் அவள் செய்த மஞ்சள் ரிமோட் விமானம் மூக்கில்லாமல் கிடந்தது. அதன் பழைய எஞ்சினைக் கழற்றி அலமாரியில் போட்டாயிற்று. அந்தச் சின்ன எஞ்சினோடு அது தரையைவிட்டு எழும்புவதே பெரும்பாடு. கணவனின் தம்பி ஷெட்லி அதற்குக் 'கோழி' என்றே பெயர் வைத்துவிட்டான்.

இன்று ஞாயிறு. ஸ்ஃபாக்ஸ் நகரத்து விமானப் பைத்தியங்கள் எல்லாரும் கடலோர உப்பளத்துக்குப் பக்கத்து வெட்டவெளியில் கூடுவார்கள். விதாத் புது எஞ்சினை இரு கையாலும் தூக்கி, முன்பலகையில் வைத்துப் பார்த்தாள். துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டாள்.

"என்ன, விரல வெட்டிக்கிட்டியா?" என்று குளியலறையிலிருந்து நாஸர் ஓடிவந்தான், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு.

"உக்காந்துருச்சு நாஸர்! பாரேன், அதுக்குன்னே அளவெடுத்த மாதிரி!"

"நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சிரிக்கல" என்றான் அவன்.

ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி இறுக்கினாள். மட்டக்கோல் வைத்துப் பார்த்தாள். எஞ்சின் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. எஞ்சின் கனத்தில் மூக்கு தாழ்ந்தது. பேட்டரியை வால்பக்கம் தள்ளி எடையைச் சரிக்கட்டினாள். தேநீர் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

உப்பளத்தில் ஷெட்லி காத்திருந்தான். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவிய டூனா மீன் ரொட்டி அவன் வாயில் பாதி, கையில் பாதி.

"வாங்க அண்ணி. கோழிக்கு மூக்கு வச்சாச்சா?"

"சத்தத்தக் கேட்டுட்டுப் பேசு."

விதாத் விமானத்தின் மூக்கு விசிறியைச் சுழற்றிவிட்டாள். எஞ்சின் ஒருமுறை தும்மியது. அடுத்த சுழற்றலில் பிடித்துக்கொண்டது. அந்த உறுமலில் மற்றவர்கள் தம் விமானங்களை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாஸர் வாலைப் பிடித்திருந்தான். அவன் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. விதாத் ரிமோட்டோடு எழுந்து நின்று தலையசைத்தாள். அவன் கையை விட்டான்.

விமானம் பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு, கூடி நின்றவர்களை நோக்கி எழும்பியது.

"குனிங்க! குனிங்க!" என்று ஷெட்லி கத்தினான். ரொட்டி மண்ணில் விழுந்தது.

விதாத் வால் சுக்கானை முழுக்க வலப்பக்கம் ஒடித்தாள். விமானம் தலைகளுக்கு மேலே சீறிக்கொண்டு போயிற்று.   வேகத்தைக் குறைத்தாள், விமானம் நேராகப் போனது. கொஞ்சம் கூட்டினாள்; மறுபடி இடப்பக்கம் இழுத்தது. இன்னொரு தடவை குறைத்துக் கூட்டிப் பார்த்தாள். அதே கதை. பிறகு சுக்கானைப் பிடித்த பிடியில் வைத்தபடியே ஒரு வட்டம் சுற்றி இறக்கினாள்.

"றெக்க முறுக்கியிருக்கு அண்ணி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றான் ஷெட்லி, சட்டையைத் தட்டிக்கொண்டே.

"றெக்கையில கோளாறுன்னா எஞ்சினக் குறைச்சப்பவும் இழுக்கணுமில்ல? இது வேகத்தக் கூட்டும்போதுதான் இழுக்குது. எஞ்சின் ரொம்ப நேரா இருக்குடா!"

"நேரா இருந்தாத் தப்பா?"

"சின்ன எஞ்சினுக்கு ஓடிச்சு. இதுக்கு இருக்கிற பலத்துல விசிறி மொத்த உடம்பையும் இடப்பக்கம் தள்ளுது. மூக்கக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைக்கணும். இடப்பக்க ஸ்க்ரூ ரெண்டுலயும் எஞ்சினுக்குப் பின்னாடி ஒவ்வொரு வாஷர் போட்டா போதும்."

வாஷர்தான் இல்லை. அவள் பெட்டியில் இருந்ததெல்லாம் பொடிசு. ஷெட்லியின் பெட்டியிலும் தேறவில்லை. பார்த்தால், நாஸர் கார் பின்னால் குந்தி, வாஷருக்காக நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, போலீஸ் புடிச்சா?"

"விமானத்துக்குக் குடுத்துட்டேன்னு சொல்றேன். நம்பட்டும், நம்பாமப் போகட்டும்."

விதாத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேலும் கீழுமாக இடப்பக்க ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எஞ்சின் தாங்கிக்கும் பலகைக்கும் நடுவே வாஷர்களைச் செருகினாள். ஷெட்லி கேட்காமலேயே வந்து விமானத்தை மடியில் ஏந்திப் பிடித்துக்கொண்டான். இறுக்கி முடித்துப் பின்னாலிருந்து பார்த்தால் மூக்கு இம்மியளவு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. விவரம் தெரியாதவர்கள் கோணல் என்பார்கள்.

"இப்ப எல்லாரும் எனக்குப் பின்னாடி வாங்க" என்றாள். கூடி நின்றவர்கள் மளமளவென்று நகர்ந்தார்கள்.

வேகத்தை முழுக்கத் திறந்தாள். விமானம் வெள்ளைத் தரையில் கோடு கிழித்தாற்போல் ஓடி, வாலைத் தூக்கி எழும்பியது. இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை. நேரே மேலே ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. சுக்கான் பக்கம் அவள் விரலே போகவில்லை. மேலே கொண்டுபோய் ஒரு குட்டிக்கரணம் போட வைத்தாள், உடனே இன்னொன்று. நாரைக் கூட்டம் ஒன்று வழிவிட்டு விலகியது. "யா விதாத்!" என்று யாரோ கூவ, கைதட்டல் கிளம்பியது.

"அண்ணி, ஒரே ஒரு நிமிஷம் ரிமோட்டக் குடுங்களேன்."

"போடா! இன்னிக்கு என் வீட்டுக்காரருக்கே கிடையாது."

எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றபோது விமானம் கடலுக்கு மேல் இருந்தது.  காற்றின் மெல்லிய சீறல் மட்டும் கேட்க, விதாத் அதைப் பூப்போலத் திருப்பி, சறுக்கவிட்டு, கரைக்குக் கொண்டுவந்து இறக்கினாள். அது உருண்டு உருண்டு அவள் செருப்புக்கு எதிரே நின்றது.

ஆசை தாங்காமல் எஞ்சினைத் தொட்டாள். விரல் சுட்டது. வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே, "நாஸர், எரிபொருள் கேன எடு, சீக்கிரம்!" என்றாள்.