பந்தியில் ஒரு திருடன்

"கடைசியா என்னம்மா சொன்னாரு?" என்று உபதேசியார் கேட்டபோது, மேரிசெல்வி சவப்பெட்டிக்குள் குனிந்து கணவனின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகும் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

"கோயில்ல நாலு வார்த்தை பேசணும். ஏதாவது சொல்லியிருந்தாருன்னா கேக்குறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

சுற்றியிருந்த பெண்கள் அழுகையை அடக்கிக் காது கொடுத்தார்கள். வாசலில் நின்றிருந்த கணவனின் அண்ணன் அந்தோணிராஜும் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள்.

அவள் கணவன் அறிவழகனுக்கு வயது முப்பத்தொன்பது. இருபத்திரண்டு வயதுவரை அண்ணனோடு உப்பளத்தில் உப்பு வாரினான். பிறகு மரக்காணத்தில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான் வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று பேசுகிறவர்களின் வீடியோக்கள் அவனைப் பிடித்துக்கொண்டன. நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பான். அன்றைய இலக்குகளை நோட்டில் எழுதுவான். அவன் வாங்கிவந்த புத்தகங்கள் எல்லாம் எதையாவது சரிசெய்யச் சொல்கிறவை. நேரத்தை, பேச்சை, கோபத்தை, தூக்கத்தை. இந்த மனுஷனிடம் சரிசெய்ய என்ன இருக்கிறது என்று மேரிசெல்விக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

கல்லீரலில் கட்டி முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாண்டிச்சேரியில் சொல்லி அனுப்பிய பிறகு, அவளே அந்த வீடியோக்களைத் தேட ஆரம்பித்தாள். மனசு வைத்தால் எந்த நோயும் தோற்றுவிடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மூன்று வேளையும் மாத்திரை கொடுத்த கையோடு போனை அவன் தலையணையருகே வைத்தாள். மூன்று வாரம் அப்படிப் போனது. ஒருநாள் அவன் போனின் மேல் கையை வைத்து மூடினான்.

"போதும் மேரி. நிறுத்து."

"நம்பிக்கையா இருக்கணும்ங்க."

"அந்தாளு பேசப் பேச, நான் ஒழுங்கா நெனைக்காததாலதான் சாவுறேன்னு தோணுது. இதுலயும் நான் ஃபெயிலா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். மிக்ஸியில் ஒன்றும் போடாமலே ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். போனை நிறுத்துவது அவனையே விட்டுவிடுவதுபோல இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது அவன் சொன்னான்:

"ஒரு கதை படியேன். ஒண்ணும் கத்துக்க வேணாம். சும்மா, ஜாலியா."

வீட்டில் அப்படி ஒரு புத்தகம்கூட இல்லை. பக்கத்து வீட்டு திரௌபதி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எப்போதோ வாங்கிய ஒரு மாத நாவலைத் தேடிக் கொடுத்தாள். அட்டை கிழிந்து போயிருந்தது. கல்யாண மண்டபத்தில் நகை திருட வந்த ஒருவனை, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு உறவு என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு உறவு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். பாயசம் கிண்டச் சொல்கிறார்கள், பந்தல் கட்டச் சொல்கிறார்கள். பாவம், பசியோடு அவன் இலைமுன் உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து எழுப்பிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு மேரிசெல்வி வாய்விட்டுப் படித்ததே இல்லை. முதலில் எழுத்துக்கூட்டினாள். பிறகு சம்பந்தியம்மாவுக்கு ஒரு குரல், சமையல்காரருக்கு ஒரு குரல் என்று தானாக வந்துவிட்டது. அறிவழகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வலிக்குது, நிறுத்து" என்றான். அவள் நிறுத்தினால், "இல்ல, படி" என்றான்.

நாலாம் நாள் வந்த அந்தோணிராஜுக்கு அது பிடிக்கவில்லை. "இந்த நேரத்துல பைபிள் வாசிக்காம என்னம்மா இது?"

"அது காலைலயே வாசிச்சாச்சுண்ணே" என்றான் தம்பி. "இது எனக்கு."

நேற்று மத்தியானம் திருடன் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தான். இலையில் சோறு விழுந்துவிட்டது. தூரத்தில் சம்பந்தியம்மா வருகிறாள். கண்ணை மூடியிருந்த அறிவழகன் கேட்டான், "சாப்ட்டானா?"

"இருங்க, வர்றேன்" என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள். சம்பந்தியம்மாவின் குரலில் இரண்டு பக்கம் கத்தித் தீர்த்தாள். அவன் கட்டாயம் சிரிக்கிற இடம் ஒன்று வந்தது. சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கோயிலில் உபதேசியார், ஆண்டவரின் சித்தத்தை மௌனமாக ஏற்றுக்கொண்டவர் என்று அவனைப்பற்றிச் சொன்னார். மேரிசெல்வி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, திரௌபதி வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அந்தோணிராஜின் முன்னால் மேரிசெல்வி தட்டை வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்தார். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"உபதேசியார்கிட்ட பொய்தான சொன்ன? என்னம்மா சொன்னான்?"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். திருடன் சாப்பிட்டானா என்று கேட்டதைச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள்.

"சாப்ட்டானா?" என்றார் அவர்.

"தெரியல மாமா. அதுக்கப்புறம் ரெண்டு பக்கம் படிச்சேன். நான் பாட்டுக்குப் படிச்சிக்கினே இருந்தேன்." அவள் குரல் இறங்கியது. "எந்த வரி வரைக்கும் கேட்டாருன்னு தெரியல மாமா."

அந்தோணிராஜின் கை தட்டிலிருந்து எழவில்லை. உப்பில் வெடித்த அந்த விரல்களில் பிசைந்த சோறு மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.