சுரம் கண்ட நாள்

தனபாக்கியம் பொய் சொல்லிப் பழகாதவள். அன்றைக்கு என்னவோ கூசாமல் வந்துவிட்டது.

அவள் புருஷன் காயாரோகணத்துக்குக் கன்னத்தில் புற்று. தஞ்சாவூரில் ஒரு டாக்டர் புது ஊசி மருந்து ஒன்றைச் சிலருக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி என்று சொல்லித்தான் கைநாட்டு வாங்கினார்கள். கட்டி கரைகிறதா, மருந்து வேறெங்காவது வேலையைக் காட்டுகிறதா என்று விசாரிக்க நர்ஸ் அகிலாண்டம் வாராவாரம் பஸ் மாறி வந்துபோனாள்.

"சுரம், வயித்தால போறது ஏதாச்சும் உண்டாம்மா?"

"ஒண்ணுமில்லிங்க. வயலுக்குப் போயிருக்காரு."

உள்ளே அவன் சுரத்தில் கொதித்துக்கொண்டு கிடந்தான். பேதியும் நிற்கவில்லை. சுரம் கண்டால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று ஆசுபத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மறுநாள் தாசில்தார் வருகிறார். குத்தகைக்கு உழுகிறவன் பேரைப் பதிய சர்க்கார் சட்டம் போட்டாயிற்று. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரோ, 'அவன் சீக்காளி, என் ஆள்தான் உழுகிறான்' என்று மனு கொடுத்திருந்தார். காயாரோகணம் வயலில் நின்றாக வேண்டும். "அந்தம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று அவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

நின்றான். மேழியைப் பிடித்து ஓட்டியும் காட்டினான். பேர் பதிவானது. சாயங்காலம் வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். எப்போதிருந்து சுரம் என்று டாக்டர் கேட்டதற்கும் அவள், "இன்னிக்குத்தாங்க" என்றாள். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டான். நிலம் நின்றது, உழுதவன் நிற்கவில்லை. என்ன நியாயமோ போங்கள்.

கருமாதி கழிந்து அகிலாண்டம் வந்தாள். செத்தவரைப் பற்றியும் விசாரித்தாக வேண்டுமாம். அவளும் அலைந்து அலைந்து ஓய்ந்துபோயிருந்தாள்.

"சுரம் தாசில்தார் வந்த அன்னிக்குத்தானே கண்டுச்சு?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அதற்கு முன்பே படுக்கை என்று வெளியே தெரிந்தால் மிராசுதார் மறுபடி மனுவைத் தூக்குவார். தனபாக்கியம் பிடிகொடுக்காமல், "ஊசி போட்டுக்கிட்ட மத்தவங்கல்லாம் எப்படி இருக்காங்க?" என்று பேச்சை மாற்றினாள்.

"நல்லா இருக்கோம்னுதான் சொல்றாங்க. உங்க வீட்டுக்காரருக்கு வந்தது ஏதோ விஷக்காய்ச்சல், மருந்தால இல்லைன்னு டாக்டர் நெனைக்கிறாரு. அடுத்த வாரத்துலேருந்து எல்லாருக்கும் மருந்தைக் கூட்டப் போறாரு."

தனபாக்கியம் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கூட்ட வேணாம்னு சொல்லுங்க. நீங்க வாசல்ல நின்னு கேட்டப்பவே அவரு உள்ள கொதிச்சுக் கெடந்தாரு. அதுக்கும் முன்னாடி ஊசி போட்டுக்கிட்டு வந்ததுலேருந்தே பேதி. நான்தான் பொய் சொன்னேன்."

அகிலாண்டம் பேனாவை எடுத்தாள்.

"எழுதிக்கவாம்மா?"

"எழுதுங்க. வர்றது வரட்டும். அடுத்து யாரு வீட்டுக்குப் போறீங்க?"

"திருவாரூர் பக்கம் வைரக்கண்ணுன்னு ஒருத்தரு. அவரும் நல்லாத்தான் இருக்காராம்."

தனபாக்கியம் எழுந்து கதவைச் சாத்தினாள். "நானும் வரேன்."

அகிலாண்டம் தயங்கினாள். "தாலி எறக்குன புதுசு. இப்ப நீங்க ஒரு சீக்காளி வீட்டு வாசப்படி மிதிக்கலாமா?"

"மிதிக்கக் கூடாதுதான். ஆனா என்னையப் பாத்தாத்தான் அவரு பொஞ்சாதி நெசத்தச் சொல்லுவா."